புல்வெட்டி இழைச்சுருள்

புல்வெட்டி இழைச்சுருள் என்பது இழைப் புல்வெட்டி எனப்படும் தோட்டக் கருவியின் வெட்டுத்தலைக்குள் அமைந்திருக்கும், நைலான் இழை சுற்றப்பட்ட உருளை ஆகும். தோற்றத்தில் இது தையல் இயந்திரத்தின் பாபினை ஒத்தது. உலோகத் தகடு எதுவும் இல்லாத இக்கருவியில், சுருளிலிருந்து வெளியே நீண்டிருக்கும் இழையே மிக வேகமாகச் சுழன்று புல்லை வெட்டுகிறது. வெட்டும்போது இழையின் நுனி தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்த அளவுக்கு ஈடாகச் சுருளிலிருந்து புதிய இழை வெளிவர வேண்டும். சுருளில் உள்ள இழை தீர்ந்ததும் புதிய இழையைச் சுற்ற வேண்டும் அல்லது சுருளையே மாற்ற வேண்டும்.

சுருளை மாற்றுவது சில நிமிடங்களில் முடியும் எளிய வேலையே. எனினும் இழையின் விட்டம், நீளம், சுற்றும் திசை, சுற்றின் ஒழுங்கு ஆகியவற்றைப் பொறுத்தே கருவி சீராக வேலை செய்யும். தகாத இழையைப் பொருத்துவதாலும் காப்புத் தகட்டைக் கழற்றுவதாலும் இயந்திரம் பழுதடையலாம். கண் பார்வை பறிபோகும் அளவுக்கு விபத்துகளும் நேரலாம்.

பெயர்கள்

இக்கருவி அமெரிக்காவில் வீட் ஈட்டர், வீட் வாக்கர் என்றும், பிரித்தானியாவில் ஸ்ட்ரிம்மர் என்றும், ஆசுத்திரேலியாவில் விப்பர் சினிப்பர் என்றும் வழங்கப்படுகிறது. இவற்றுள் சில வணிகப் பெயர்களாகத் தோன்றிப் பின்னர் பொதுப்பெயர் போல் ஆனவை. தமிழ்நாட்டில் தோட்டங்களிலும் தோப்புகளிலும் பயன்படும் பெட்ரோல் இயந்திர வகை, பிரஷ் கட்டர் அல்லது புதர் அகற்றும் கருவி எனப்படுகிறது. இதில் உலோகத் தகட்டைக் கழற்றிவிட்டு நைலான் இழைத் தலையைப் பொருத்திக்கொள்ள முடியும். இழையானது மீன்பிடியில் பயன்படும் தூண்டில் நரம்பை (தங்கூசியை) ஒத்திருப்பதால், இதனை நைலான் நரம்பு என்றும் அழைப்பர்.

வரலாறு

இழைப் புல்வெட்டியை 1971-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹியூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ் (1925–2011) உருவாக்கினார். தானியங்கி மகிழுந்து கழுவுமிடத்தில், சுழலும் நைலான் தூரிகைகள் வண்டியின் வண்ணப்பூச்சைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் அகற்றுவதை அவர் கவனித்தார். மரங்களின் அடிப்பகுதியைச் சுற்றி வளரும் புல்லையும் இம்முறையில் பட்டைக்கு ஊறு இன்றி அகற்றலாம் என்று அவருக்குத் தோன்றியது. காலியான பாப்கார்ன் தகரக் குவளை ஒன்றில் துளைகள் இட்டு, அவற்றின் வழியே தடித்த தூண்டில் நரம்பைக் கோத்து, புல்தரையின் ஓரம் வெட்டும் இயந்திரத்தில் அதனைப் பொருத்தினார். இதுவே முதல் மாதிரி ஆகும்.

பின்னர் வீட் ஈட்டர் என்ற பெயரில் அவர் தொடங்கிய நிறுவனம், 1977-ஆம் ஆண்டு எமர்சன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இக்கருவிக்கு அடிப்படையான நைலான், 1935-ஆம் ஆண்டு டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழுவினரால் உருவாக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டு பல் துலக்கும் தூரிகையின் மயிராக அது முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. வளைந்தாலும் முறியாமை, இழுவையைத் தாங்கும் வலிமை, உராய்வைத் தாங்கும் தன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பதால் புல்வெட்டி இழைக்கு இன்றும் நைலான் வகைகளே பெரும்பாலும் பயன்படுகின்றன.

வெட்டுத்தலையின் அமைப்பு

இயந்திரத்தின் அல்லது மின்னோடியின் சுழற்சி, நீண்ட தண்டின் வழியாக வெட்டுத்தலையை அடைகிறது. மின்னோடி வகைகள் சிலவற்றில் மின்னோடியே வெட்டுத்தலையின் மேல் அமைந்திருக்கும். வெட்டுத்தலையின் முதன்மையான உறுப்புகள் வருமாறு:

- கூடு: சுருளைத் தன்னுள் கொண்டு சுழலும் வெளிப்புற உறை.
- சுருள்: இழை சுற்றப்படும் உருளை. இரு இழைகள் கொண்ட தலையில், நடுவில் ஒரு தடுப்பால் பிரிக்கப்பட்ட இரு அறைகள் இதில் இருப்பதுண்டு.
- கண்கள்: இழை வெளிவரும் துளைகள். இழை உராய்ந்து கூடு அறுபடாமல் இருக்க, இவற்றில் உலோக வளையங்கள் பதிக்கப்பட்டிருக்கும்.
- சுருள்வில்: சுருளை அழுத்தி, கூட்டின் பற்களோடு கோத்துப் பிடிக்கும் வில்.
- தட்டுக் குமிழ்: தரையில் தட்டுவதற்காக அடியில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்.
- மூடி: சுருளும் வில்லும் வெளியே விழாமல் காப்பது. இது திருகு மரையாலோ பக்கவாட்டுக் கொக்கிகளாலோ கூட்டுடன் இணையும்.

வெட்டுத்தலைக்கு மேலே, பயனரின் பக்கமாக, காப்புத் தகடு ஒன்று தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். இதன் விளிம்பில் உள்ள சிறிய கத்தி, அளவுக்கு மீறி நீளும் இழையை நறுக்கிவிடும்.

இழை நீளும் முறைகள்

தேய்ந்த இழையை ஈடுசெய்யும் முறையைப் பொறுத்து வெட்டுத்தலைகள் நான்கு வகைப்படும்.

- நிலைத்த வகை: இதில் சுருள் இல்லை. முன்னரே நறுக்கப்பட்ட இழைத் துண்டுகள் செருகப்படுகின்றன. தேய்ந்ததும் துண்டுகளை மாற்ற வேண்டும்.
- கைமுறை வகை: கருவியை நிறுத்தி, குமிழை அழுத்திக்கொண்டு இழையைக் கையால் இழுத்து நீட்ட வேண்டும்.
- தட்டு வகை: கருவி சுழன்றுகொண்டிருக்கும்போதே குமிழைத் தரையில் மெல்லத் தட்ட வேண்டும். அப்போது சுருள் மேலெழுந்து பற்களிலிருந்து விடுபட்டு, சிறிது தூரம் திரும்பி, மீண்டும் கோத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் இழை வெளியே இழுக்கப்படுகிறது.
- தன்னியக்க வகை: கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது இழை வெளிவரும். வேறு சிலவற்றில், இழை குட்டையாகும்போது ஏற்படும் வேக மாற்றமே சுருளை விடுவிக்கும்.

இயங்கும் கோட்பாடு

கத்தரிக்கோலில் இரு அலகுகளுக்கு இடையே பொருள் சிக்கி வெட்டுப்படுகிறது. இழைப் புல்வெட்டியில் எதிர் அலகு இல்லை. புல் வளைந்து விலகுவதற்கு முன்பே இழை அதனை மோதி அறுத்துவிடுவதால்தான் வெட்டு நிகழ்கிறது. எனவே இதற்கு மிகுந்த வேகம் தேவைப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, மையத்திலிருந்து இழையின் நுனி வரை 20 செ.மீ நீளமும், நிமிடத்துக்கு 8,000 சுற்றுகள் வேகமும் கொண்ட கருவியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றில் நுனி ஏறத்தாழ 1.26 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. ஒரு நொடிக்கு 133 சுற்றுகள் என்பதால், நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 168 மீட்டர், அதாவது மணிக்கு 600 கிலோமீட்டர் ஆகும். மையத்தை நோக்கிச் செல்லச் செல்ல இவ்வேகம் குறையும். ஆகவே இழையின் நுனியால் வெட்டுவதே சரியான முறை. இழை முழுவதையும் புல்லுக்குள் திணித்தால் வெட்டுத் திறன் குறைந்து, இழையும் விரைவில் அறுபடும்.

நிறுத்தப்பட்ட நிலையில் துவண்டு தொங்கும் இழை, சுழலும்போது விறைப்பாக நிற்பதற்கு மையவிலக்கு விளைவே காரணம். மேற்கண்ட எடுத்துக்காட்டில், இழை 2.4 மி.மீ விட்டம் கொண்டதாகவும், கண் மையத்திலிருந்து 6 செ.மீ தொலைவில் இருப்பதாகவும் கொண்டால், கண்ணில் இழையின் இழுவிசை ஏறத்தாழ 66 நியூட்டன் என்று கணக்கிடலாம். இது ஏறத்தாழ 6.7 கி.கி எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். இழை மிக இலேசானது என்றாலும், சுருளில் எஞ்சியுள்ள சுற்றுகளை இவ்வளவு விசை இடைவிடாது இழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த விசை சுருளின் செயற்பாட்டை மூன்று வகைகளில் பாதிக்கிறது.

1. தட்டு வகையில் இழையை வெளியே இழுப்பது இவ்விசையே ஆகும். இழை மிகவும் குட்டையாகி, நுனி மையத்திலிருந்து 10 செ.மீ தொலைவில் மட்டுமே இருந்தால், இழுவிசை ஏறத்தாழ 12 நியூட்டனாகக் குறைந்துவிடும். அதனால்தான் இழை மிகக் குட்டையான பின் எத்தனை முறை தட்டினாலும் நீளாமல் போவதுண்டு. நுனி ஓரளவு தேய்ந்தவுடனேயே தட்டுவது நல்லது.
2. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அமைந்திருந்தால், இழுபடும் மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளின் இடுக்கில் புதைந்து இறுகிவிடும்.
3. தளர்வாகச் சுற்றப்பட்ட இழை, அதிர்வினால் ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறும். வெப்பம் மிகுந்தால் அடுத்தடுத்த சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இழையின் வகைகள்

இழையின் விட்டம் கருவியின் ஆற்றலுக்கு ஏற்ப அமைய வேண்டும். பொதுவாகப் பயன்படும் அளவுகள் வருமாறு:

- 1.2 முதல் 1.6 மி.மீ வரை: சிறிய மின்கல, மின்னோடி வகைகள், மெல்லிய புல்.
- 2.0 முதல் 2.4 மி.மீ வரை: வீட்டுத் தோட்டத்துக்கான பெட்ரோல் வகைகள், ஆற்றல் மிக்க மின்கல வகைகள், புல், பொதுவான களைகள்.
- 2.7 முதல் 3.3 மி.மீ வரை: தொழில்முறைக் கருவிகள், தடித்த தண்டுடைய களைகள்.

அமெரிக்க அளவில் இவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகக் குறிக்கப்படும். 80 என்பது ஏறத்தாழ 2.0 மி.மீ, 95 என்பது 2.4 மி.மீ, 105 என்பது 2.7 மி.மீ, 130 என்பது 3.3 மி.மீ ஆகும்.

தடித்த இழை பொருத்தினால் வேலை விரைவாக நடக்கும் என்பது சரியன்று. தடிமன் கூடும்போது காற்றின் எதிர்ப்பும் கூடி, சிறிய கருவியின் சுழற்சி வேகம் குறையும். வெட்டும் திறனும் குறையும். மேலும், சுருளில் கிடைக்கும் இடம் மாறாதது. 2.4 மி.மீ இழை 6 மீட்டர் கொள்ளும் சுருளில், 3.0 மி.மீ இழை ஏறத்தாழ 3.8 மீட்டர் மட்டுமே கொள்ளும்.

குறுக்குவெட்டு வடிவத்தைப் பொறுத்து வட்டம், சதுரம், விண்மீன், முறுக்கிய வடிவம் முதலிய வகைகள் உள்ளன. வட்ட இழை நீடித்து உழைக்கும்; சுற்றுவதற்கும் எளிது. விளிம்புகள் கொண்ட இழைகள் தண்டுகளைக் கூர்மையாக வெட்டும். ஆனால் விளிம்பு விரைவில் மழுங்கும். முறுக்கிய இழை இரைச்சலைக் குறைக்கும் நோக்கில் உருவாக்கப்பட்டது.

நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரமே அதற்கு நெகிழ்வைத் தருகிறது. வெயிலிலும் வறண்ட இடத்திலும் நெடுநாள் கிடந்த இழை ஈரம் இழந்து எளிதில் முறியும். அத்தகைய இழையைச் சுற்றுவதற்கு முன் ஒரு நாள் நீரில் ஊறவைத்தால் நெகிழ்வு ஓரளவு மீளும். எனினும் வெயிலின் புறஊதாக் கதிர்களால் சிதைந்த இழையை இவ்வாறு மீட்க முடியாது.

சுருளை மாற்றும் முறை

கருவிக்குக் கருவி விவரங்கள் வேறுபடும் என்பதால், உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள விட்டம், நீளம், திசை ஆகியவற்றையே பின்பற்ற வேண்டும். தட்டு வகைத் தலைக்கான பொதுவான முறை கீழே தரப்பட்டுள்ளது.

ஆயத்தம்

கருவி தற்செயலாக இயங்க வழியில்லாதபடி செய்வது முதல் பணி. பெட்ரோல் வகையில் இயந்திரத்தை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பித் தொப்பியைக் கழற்ற வேண்டும். மின்கல வகையில் மின்கலத்தையும், மின்னிணைப்பு வகையில் செருகியையும் அகற்ற வேண்டும். விசையை அணைத்து வைப்பது மட்டும் போதாது. பெட்ரோல் இயந்திரத்தின் சைலன்சர் நிறுத்திய பின்னும் சூடாகவே இருக்கும் என்பதால், அது ஆறும் வரை காத்திருப்பது நல்லது. பின்னர் வெட்டுத்தலை மேல்நோக்கி இருக்கும்படி கருவியைத் திருப்பி வைக்க வேண்டும். பெட்ரோல் வகையில் எரிபொருள் கலத்தின் மூடி இறுக்கமாக உள்ளதா என்பதை இதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

பழைய சுருளைக் கழற்றுதல்

1. மூடி கொக்கி வகை எனில், எதிரெதிரே உள்ள இரு கொக்கிகளையும் ஒருசேர அழுத்தி மூடியை எடுக்க வேண்டும். திருகு வகை எனில், கூட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குமிழைத் திருக வேண்டும். சில கருவிகளில் இடப்புரி மரை அமைந்திருக்கும். இது வழக்கத்துக்கு மாறாகக் கடிகாரத் திசையில் திருகினால் கழலும். திசை அறியாமல் வலிந்து திருகினால் மரை சிதையும்.
2. மூடியை எடுக்கும்போது சுருள்வில் துள்ளி விழக்கூடும். அது எந்தப் பக்கமாக, எந்த வரிசையில் இருந்தது என்பதைக் கவனித்து வைக்க வேண்டும்.
3. சுருளை வெளியே எடுத்து, எஞ்சிய இழையை அகற்ற வேண்டும்.
4. கூட்டின் உள்ளே படிந்துள்ள புல், மண், உருகிய நைலான் ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். பற்கள் தேய்ந்துள்ளனவா, கண்களின் உலோக வளையங்கள் இடத்தில் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். வளையம் இல்லாத கண் இழையை அடிக்கடி அறுக்கும்.

புதிய இழையைச் சுற்றுதல்

முன்னரே இழை சுற்றப்பட்ட சுருளை வாங்கினால் இப்பகுதி தேவைப்படாது.

1. கையேட்டில் குறித்த நீளத்துக்கு இழையை நறுக்க வேண்டும். இரு அறைகள் கொண்ட சுருளுக்கு ஒரே இழையை நடுவில் மடித்து, மடிப்பை நடுத் தடுப்பில் உள்ள வெட்டில் கொளுவ வேண்டும். ஓர் அறை மட்டும் உள்ள சுருளில் இழையின் நுனியைச் சிறு துளையில் செருக வேண்டும்.
2. சுருளின் மேல் பொறிக்கப்பட்டுள்ள அம்புக்குறியின் திசையில் சுற்ற வேண்டும். பற்கள் ஒரு திசைக்கென அமைக்கப்பட்டவை. மாற்றிச் சுற்றினால் தட்டும்போது இழை ஒழுங்காக நீளாது.
3. ஒரு சுற்றுக்கு அடுத்து மற்றொரு சுற்று என, குறுக்கே தாவாமல், இறுக்கமாகவும் அடுக்கடுக்காகவும் சுற்ற வேண்டும்.
4. சுருளின் விளிம்பு வரை நிரப்பாமல், அரை செ.மீ அளவு இடம் விட வேண்டும். அளவுக்கு மீறிய சுற்று கூட்டின் உட்சுவரில் உரசி இறுகும்.
5. இரு நுனிகளையும் சுருளின் விளிம்பில் எதிரெதிரே உள்ள பிளவுகளில் செருகி, அவிழாமல் நிறுத்த வேண்டும். வெளியே ஏறத்தாழ 15 செ.மீ நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மீண்டும் பொருத்துதல்

1. வில்லை அதன் இடத்தில் வைத்து, இரு நுனிகளையும் கண்களின் வழியே வெளியே எடுக்க வேண்டும்.
2. சுருளைக் கூட்டுக்குள் இறக்கி, பற்கள் கோக்கும் வரை சற்றே திருப்பி அழுத்த வேண்டும்.
3. நுனிகளை வெடுக்கென இழுத்தால் பிளவுகளிலிருந்து இழை விடுபடும். இதனை மறந்தால் முதல் தட்டிலேயே இழை நீளாமல் நின்றுவிடும்.
4. மூடியைப் பொருத்த வேண்டும். கொக்கி வகையில் இரு பக்கமும் சொடுக்கொலி கேட்க வேண்டும். சரியாகப் பூட்டாத மூடி, வேகமாகச் சுழலும்போது கழன்று பறக்கும்.
5. குமிழை அழுத்தியபடி இழையை இழுத்து, அது தடையின்றி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். பின்னரே மின்கலத்தை அல்லது ஸ்பார்க் பிளக் தொப்பியை மீண்டும் இணைக்க வேண்டும்.

கழற்றாமல் நிரப்பும் வகை

புதிய தலைகள் பலவற்றில் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. தலையில் உள்ள குறிகளை நேர்படுத்தி, இழையை ஒரு கண்ணில் நுழைத்து மறு கண்ணின் வழியே இழுத்து, இரு பக்கமும் சம நீளமாக்கி, குமிழை அம்புக்குறித் திசையில் திருகினால் இழை தானாக உள்ளே சுற்றிக்கொள்ளும். சுற்றின் ஒழுங்கு இதில் கைத்திறனைச் சார்ந்திராது. ஆயினும் உள்ளே இழை அறுந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ, இத்தலையையும் கழற்றியே சரிசெய்ய வேண்டும்.

பொதுவான சிக்கல்கள்

- தட்டினாலும் இழை நீளவில்லை: இழை தீர்ந்திருத்தல், குறுக்குச் சுற்றில் புதைந்திருத்தல், உருகி ஒட்டியிருத்தல், வெளியே உள்ள நீளம் போதாமை.
- இழை அளவின்றி வெளிவருகிறது: பற்கள் தேய்வு, சுருள்வில் இல்லாமை அல்லது முறிவு, மூடி சரியாகப் பூட்டப்படாமை.
- இழை அடிக்கடி கண்ணருகே அறுகிறது: கண்ணின் வளையம் இழப்பு, காய்ந்து போன இழை, சுவர் அல்லது வேலிக் கம்பியில் தொடர்ந்து மோதுதல்.
- கருவி மிகுதியாக அதிர்கிறது: இரு இழைகளின் நீளம் சமமின்மை, ஓர் இழை அறுந்திருத்தல், தலையில் புல் சிக்கியிருத்தல்.

பாதுகாப்பு

காப்புத் தகடு

இழையின் வேகத்தில் சிறு கல்லும் குச்சியும் வெகு தூரம் தெறிக்கும். ஆகவே கண்ணாடிக் காப்பு, நீண்ட காற்சட்டை, மூடிய காலணி ஆகியவை தேவை. சாதாரண மூக்குக்கண்ணாடி கண்ணின் பக்கவாட்டைக் காக்காது. பிறர் வேலை நடக்கும் இடத்திலிருந்து குறைந்தது 15 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது கையேடுகளில் பொதுவாகக் காணப்படும் அறிவுறுத்தலாகும்.

அகலமாக வெட்டலாம் என்று எண்ணிச் சிலர் காப்புத் தகட்டைக் கழற்றி இழையை நீளமாக விடுவர். இதனால் தெறிக்கும் பொருளுக்குத் தடையில்லாமல் போவதுடன், இயந்திரத்தின் சுமையும் பெருகும். சுழற்சி வேகம் மாறாதிருக்க, இழையின் மீதான காற்று எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன், நீளத்தின் நான்மடிப் பெருக்கத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடும். இழை மையத்திலிருந்து 20 செ.மீ நீள்வதற்குப் பதிலாக 25 செ.மீ நீண்டால், இத்திறன் ஏறத்தாழ 2.4 மடங்காகும். மின்னோடி எரிவதற்கும் கிளட்ச் தேய்வதற்கும் இது ஒரு காரணம். காப்புத் தகட்டில் உள்ள சிறு கத்தியே இந்த அளவைக் கட்டுப்படுத்துகிறது.

உலோகக் கம்பி

இழை தீர்ந்த நிலையில் இரும்புக் கம்பி, வண்டியின் பிரேக் கம்பி போன்றவற்றைப் பொருத்துவது மிகவும் ஆபத்தானது. நைலான் தடையில் மோதினால் வளைந்து தேயும். அறுந்தாலும் அதன் துண்டு இலேசானது. எஃகின் அடர்த்தி நைலானைப் போல் ஏறத்தாழ 7 மடங்கு. திரும்பத் திரும்ப வளைவதால் உலோகக் கம்பி களைப்புற்று முறியும். முறிந்த துண்டு நொடிக்கு நூறு மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் எத்திசையிலும் பாயும்.

உலோகச் சங்கிலிக் கண்ணிகள் கொண்ட மாற்றுத் தலைகளும் ஒரு காலத்தில் விற்கப்பட்டன. இத்தகைய தலையிலிருந்து தெறித்த கண்ணியால் பிரித்தானியாவில் உயிரிழப்பு நேர்ந்ததைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஆணையம் 2012 சனவரி 19 அன்று பிறப்பித்த முடிவின் வழியாக, ஒன்றோடொன்று கோத்த உலோக உறுப்புகளால் ஆன வெட்டுத்தலைகளைக் கைக்கருவிகளுக்கெனச் சந்தைப்படுத்துவதைத் தடை செய்யுமாறு உறுப்பு நாடுகளுக்கு ஆணையிட்டது.

மரங்களுக்கும் மண்ணுக்கும் ஏற்படும் பாதிப்பு

மரத்தின் அடியில் உள்ள புல்லை வெட்டுவதற்காகவே இக்கருவி தோன்றியது என்றாலும், இழை திரும்பத் திரும்பப் பட்டால் இளமரத்தின் பட்டை உரியும். மா, வேம்பு, தேக்கு போன்ற மரங்களில், இலைகள் உருவாக்கும் உணவை வேருக்குக் கொண்டு செல்லும் திசு பட்டையின் உட்புறத்தில் உள்ளது. தண்டைச் சுற்றி வளையமாகப் பட்டை உரிந்துவிட்டால், வேர் உணவின்றி வாடி, மரம் பட்டுப்போகும். எனவே கன்றுகளைச் சுற்றி மூடாக்கு இடுவதோ, அடித்தண்டுக்கு உறை போடுவதோ, அவ்விடத்தில் மட்டும் கையால் களை எடுப்பதோ நல்லது. சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களையும் இழை எளிதில் அறுத்துவிடும்.

தேய்ந்த இழை எங்கும் மறைந்துவிடுவதில்லை. சிறு நெகிழித் துகள்களாக மண்ணிலேயே தங்குகிறது. நைலான் எளிதில் மட்காது. சுருள் மாற்றும்போது அகற்றப்படும் இழைத் துண்டுகளை மண்ணில் போடாமல் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும். கால்நடைகள் மேயும் இடங்களில் இது மிகவும் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

- புல்வெட்டி
- நைலான்
- மையவிலக்கு விசை
- ஈரடிப்பு எந்திரம்